ஜூனோவின் உள்ளங்கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல, லொரெதானாவினுடையது. அவளிடமிருந்து இதைப் பிடுங்கத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லொரெதானா ரோமில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடிக்காரி. சந்துக்கு எதிரே இருக்கும் வெரால்டி மாளிகையில் அவளுக்குக் காவல் வேலை. மாளிகையின் பெரிய கூடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சனங்களுக்குத் திறக்கும். வருகிறவர்கள் கூரைச் சித்திரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இவள் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே, முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு ஓரகத்திகள் மல்லுக்கட்டிய கதையை எடுத்துவிடுவாள். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு சந்தைத் தாண்டி என் சமையலறை சன்னலுக்குள் வரும். நான் ஆர்ட்டிசோக் என்ற இந்த ஊர்க் காயின் முள்ளை நறுக்கிக்கொண்டிருப்பேன்.

எழுதுகிறவள் நான், சிரிப்பு வாங்குகிறவள் அவளா? எந்த ஊர் நியாயம் இது?

(ஓரகத்தி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர் பாஷையில் நாத்தனார், கொழுந்தியாள், அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி எல்லாருக்கும் ஒரே சொல்தான். தமிழில் மட்டும்தான் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பெண்களுக்கென்று தனிச்சொல் செய்து, அதன்மேல் கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் தூவி வைத்திருக்கிறார்கள். லொரெதானாவைவிட நான் இந்தக் கதையை நன்றாகச் சொல்வேன் என்பதற்கு இதுவரை என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான்.)

2

முதல் தொடக்கம்:

டைபர் நதியின்மேல் மாலை வெயில் உருக்கிய பொன்னாக வழிந்துகொண்டிருந்த பதினேழாம் நூற்றாண்டு ரோமாபுரியில்

வேண்டாம். டைபரில் அந்தக் காலத்தில் வழிந்தது தோல் பதனிடுகிறவர்களின் கழிவு.

இரண்டாவது தொடக்கம்:

அதிகாரம் என்பது பிறரை அண்ணாந்து பார்க்க வைப்பது. சுவரில் தொங்கும் படத்தை நேருக்கு நேர் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். கூரையில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தொண்டையைக் காட்டி, வாயைப் பிளந்துதான் ஆக வேண்டும். அந்த நிலையில் எவனாலும் வாதாட முடியாது. பரோக் காலத்துச் சீமான்கள் இதை

இது கட்டுரை. லொரெதானா கேட்டால் கொட்டாவி விடுவாள். ஆனாலும் முழுசாக அடித்துப்போட மனமில்லை, ஏனென்றால் விஷயம் உண்மை. வெரால்டி குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா கம்பளி விற்றவர். அடுத்த தலைமுறைக்குப் பட்டம் வந்தது, மாளிகை வந்தது, மூக்கு மட்டும் மாறவில்லை. அந்த மூக்கைத் தேவராஜன் ஜூபிடருக்கு வைத்து வானத்தில் உட்கார்த்திவிட்டால் கம்பளியைப் பற்றி எவன் பேசுவான்? போப்பாண்டவர் இருக்கும் ஊரில் இப்படிப் பழைய சாமிகளைக் கூரைபூரா வரையலாமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். "இது ஜூபிடர் இல்லீங்க சாமி, இது பெருந்தன்மை. அது வீனஸ் இல்லை, தர்மசிந்தனை." தர்மசிந்தனையின் தோளில் துணி நிற்காதது ஏன் என்று எந்தப் பாதிரியாரும் கேட்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்:

டோனா ஃபுல்வியாவுக்கு உலகத்தில் பொறுக்க முடியாத சத்தம் ஒன்று உண்டு. அது டோனா எர்சீலியா சிரிப்பது.

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

3

ஃபுல்வியா, வீட்டுக்குப் பெரியவரான டோன் அஸ்கானியோ வெரால்டியின் மனைவி. பழைய ரோமானியக் குடும்பம், நிமிர்ந்த முதுகு, வரைவதற்கென்றே செய்தது மாதிரி முகம். எர்சீலியா, தம்பியின் மனைவி. நேப்பிள்ஸ்காரி. கன்னத்தில் குழி. பொரித்த மீனைக் கையாலேயே எடுத்துத் தின்றுவிட்டு விரலைச் சப்புவாள், அதைப் பார்த்து வேலைக்காரர்கள்கூட முகம் மலர்வார்கள். ஃபுல்வியா கூடத்துக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எர்சீலியா வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். எழுந்து நிற்பது பெரிதா, சிரிப்பது பெரிதா என்று பத்து வருஷமாக மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள் ஃபுல்வியா. முள் ஒரு நாளும் அவள் பக்கம் சாயவில்லை.

கூடத்தின் ஒரு கோடியில், கணப்புக்குப் பக்கத்தில், உயரமான முதுகு வைத்த நாற்காலி ஒன்று உண்டு. மாமியார் அதில் உட்கார்ந்துதான் ரோமாபுரியையே வரவேற்றாள். அதில் யார் உட்காருகிறாளோ அவள்தான் வீட்டுக்காரி. அவளுக்குத்தான் விருந்தாளிகளின் முதல் வணக்கம், அவள் வண்டிதான் முன்னால் போகும். மாமியார் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். நாற்காலி காலி. மூத்த மருமகள் என்ற முறையில் அது ஃபுல்வியாவுக்கு. ஆனால் அவளுக்குக் குழந்தை இல்லை. எர்சீலியாவுக்கு ஒரு மகன் இருந்தான், குடும்ப மூக்கோடு.

அஸ்கானியோவிடம் கேட்டாள்.

"அந்த நாற்காலியை என்ன செய்யறதா உத்தேசம்?"

"என்னம்மா அவசரம்? கூரையில சித்திரம் முடியட்டும். திறப்பு விழா அன்னிக்குப் பார்த்துக்கலாம்."

"சித்திரத்துக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?"

"மேல யாரு ஜூனோவோ அவதானே கீழயும்?" என்று சொல்லிவிட்டு அஸ்கானியோ ஒரு வால்நட்டை உடைத்தார். பருப்பைக் கையில் எடுத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் எர்சீலியா உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், யோசிக்காமல், பருப்பை அவளிடம் நீட்டிவிட்டார்.

யோசிக்காமல் செய்ததுதான் ஃபுல்வியாவுக்கு வலித்தது. யோசித்துச் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

(ஜூனோ, ஜூபிடரின் பட்டத்து ராணி. புருஷனைச் சந்தேகிப்பது அவளுக்கு முழுநேர வேலை. அவள் தேரை இழுப்பவை மயில்கள். மயிலைப் பார்த்ததும் நம் முருகன் ஞாபகம் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள், இந்த மயில்கள் வேறு. சித்திரத்தில் எந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மயில் நிற்கிறதோ அவள் ஜூனோ. ரோமில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.)

3 (மறுபடியும்)

எர்சீலியாவை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. லொரெதானாவின் கதையில் அவள் சூழ்ச்சிக்காரி, ஓவியருக்குக் கண்ணடித்து இடம் பிடித்தவள். சனங்களுக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். எழுதியும் பார்த்தேன்: எர்சீலியா விசிறிக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு, இந்த வீட்டை நான் ஆளாமல்

அடித்துவிட்டேன். அவள் அப்படி எதுவும் நினைத்திருக்க மாட்டாள் என்றே தோன்றுகிறது. சூழ்ச்சி செய்கிறவளை வெறுக்கலாம், மனசு ஆறும். ஒன்றுமே செய்யாமல் எல்லாம் கிடைக்கிறவளை என்ன செய்வது? வெறும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தவுடன் கூடத்தையே சிரிக்க வைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

போகட்டும், கதைக்கு வருவோம்.

4

ஓவியர் பெயர் லத்தான்சியோ. பொலோஞாவிலிருந்து வந்தவர். எதற்கெடுத்தாலும் முதுகுவலி என்பார், பெரிய மனிதர்களிடம் மறுத்துப் பேச மாட்டார்.

அவர் வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கதையின் குடுமி அதில்தான் இருக்கிறது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில்தான் வரைவார்கள். ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் காலையில் பூசுவார்கள். பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் கல். பிடிக்கவில்லையென்றால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். சாரத்தைச் சுற்றித் துணி கட்டியிருக்கும், முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது.

அந்த மாதிரி ஜூபிடரை முடித்தாயிற்று. ஜூபிடருக்குப் பக்கத்து மேகத்தில் மயில்களும் முடிந்து, காய்ந்து, கல்லாகிவிட்டன. மயில்களுக்கு நடுவே ஜூனோவுக்காக விட்ட இடம் மட்டும் காலி. ஃபுல்வியாவை உட்கார வைத்து முகத்தை வரைந்து எடுத்துக்கொண்டாயிற்று. கரிக்கோட்டில், நிஜ அளவில், அவ்வளவு அழகாக வந்திருந்த அந்தப் படத்தை ஃபுல்வியாவே மறுபடியும் விரிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. ஆனால் அவளுக்குப் பாஸ்குவா என்று ஒரு தாதி இருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கம்மா."

"சொல்லித்தொலை."

"சின்னம்மாவை வீனஸா வரையறாங்கல்ல, அவங்க மேகமும் உங்க மேகமும் ஒரே உசரமாம்."

"யார் சொன்னா?"

"சுண்ணாம்பு குழைக்கிறவன். இந்தக் கோடியில நீங்க, அந்தக் கோடியில அவங்க. ஒரே மட்டம். இஞ்சு பிசகலையாம்."

ஃபுல்வியா லத்தான்சியோவை வரவழைத்தாள். அவர் முழுக் கூரையின் வரைபடத்தையும் மேஜைமேல் விரித்தார். நான்கு ஓரமும் கூரையின் விளிம்பு, நடுவில் சூரியன், வானத்தின் உச்சி. ஃபுல்வியா நின்றபடி, மேலிருந்து அதைக் குனிந்து பார்த்தாள். கூரையை மேலிருந்து பார்த்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

விசிறியின் காம்பால் காகிதத்தைத் தொட்டாள். "என்னை இங்க ஏத்துங்க. அடுத்த மேகத்துக்கு."

"அம்மணி, அந்த இடத்துல..."

"எர்சீலியா எந்த மேகமோ அதைவிட ஒரு மேகம் மேல. புரிஞ்சுதா?"

லத்தான்சியோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

ஒரு வாரம் போயிற்று. பாஸ்குவா மறுபடியும் வந்து தலைவாரினாள்.

"உங்களை உக்கார வெச்சு வரைய அந்த ஆளு எவ்வளவு நேரம் எடுத்தாரு?"

"அரை மத்தியானம்."

"ம்."

"என்னடி 'ம்'?"

"சின்னம்மாவுக்கு முழு மத்தியானம்மா. நடுநடுவுல சிரிப்புச் சத்தம் வேற. நான் ஒண்ணும் சொல்லலை."

ஃபுல்வியா இன்னும் ஒரு மேகம் ஏறினாள். காகிதத்தில் இன்னொரு பெருக்கல் குறி விழுந்தது.

மூன்றாவது தடவை பாஸ்குவாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. சாப்பாட்டு மேஜையில் அஸ்கானியோ மறுபடியும் ஒரு வால்நட்டை உடைத்தார், பருப்பு மறுபடியும் அந்தப் பக்கம் போயிற்று. ஃபுல்வியா நாப்கினை மடித்து வைத்துவிட்டு நேராகச் சாரத்தடிக்குப் போய் ஓவியரைக் கீழே கூப்பிட்டாள்.

"உச்சி. சூரியனுக்குப் பக்கம். அதுக்கு மேல மேகம் இருக்கா?"

"அதுக்கு மேல ஓடுதான் அம்மணி." லத்தான்சியோ முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை. மேல போகப்போக எட்டமாப் போயிடுவீங்க."

"சூரியனுக்குப் பக்கமாப் போறேன்னு சொல்லுங்க."

"சூரியனுக்குப் பக்கம்தான். ஆனா சனங்களுக்குத் தூரம்."

"சனங்களுக்குத் தூரமா இருக்கத்தானே நாங்க பிறந்திருக்கோம்?"

அவர் வாயை ஒருமுறை திறந்து மூடினார். ஃபுல்வியாவுக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? இந்த ஆள் எர்சீலியா கட்சி, என்னை மேலே போக விடமாட்டேன் என்கிறான் என்று பட்டது. பொறாமைக்குக் காது உண்டு, ஆனால் அது பாஸ்குவாக்களுக்கு மட்டும்தான் திறக்கும்.

"சரி அம்மணி. அப்ப மயிலுக்கு நடுவுல இருக்கற இடம்? மயிலைத் தூக்க முடியாது, காஞ்சு போச்சு. இடம் பொக்கையாத் தெரியும். யாரையாவது உக்கார வெச்சே ஆகணும்."

ஃபுல்வியா யோசித்தாள். உச்சியில் தான். அதற்கு நேர் கீழே அந்த மேகம். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"எர்சீலியாவை உக்கார வையுங்க," என்றாள். "வீனஸுக்கு வேற யாரையாவது போடுங்க. இவ என் காலடியில கிடக்கட்டும்."

5

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். என்ன நடக்கப்போகிறது என்று உங்களில் பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பீர்கள். மீதிப் பேருக்காக ஒரு சின்ன சோதனை. உங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் யாரையாவது உட்காரச் சொல்லி, கீழே தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். முதலில் என்ன தெரிகிறது?

லொரெதானா மாடிப்படியில் என்னை மடக்கினாள். கையில் ரொட்டிப் பை.

"ஏய், என்னமோ எழுதறியாமே? என் ஃபுல்வியாவைப் பத்தி?"

"உன் ஃபுல்வியாவா? உங்க வீட்டு ரேஷன் கார்டுல இருக்காளா அவ?"

"எழுது எழுது. ஆனா நகத்தால கீறின இடத்தை விட்டுடாதே. அங்கதான் சனங்க கைதட்டுவாங்க."

அவள் சொல்கிற முடிவு இது: திறப்பு விழா முடிந்ததும் ஃபுல்வியா ஏணியில் ஏறி, எர்சீலியாவின் முகத்தை நகத்தால் பிராண்டிவிட்டாளாம். "அதோ பாருங்க, கீறல்!" என்று லொரெதானா கையை நீட்டுவாள். சனங்கள் ஐயோ என்பார்கள். அது கீறல் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கி விழுந்த விரிசல். மேல்மாடிக்காரிக்கே தெரியும்.

(விரிசல் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கும் ஐயோ என்றுதான் வருகிறது. அதுதான் எரிச்சல்.)

6

திறப்பு விழா. குடும்பத்துக் காவல் புனிதரின் திருநாள். துணி அவிழ்ந்தது, சாரம் போயிற்று, கூடம் பெருக்கிக் கழுவியாயிற்று. தரையின் நடுவில் ஒரு வட்டச் சலவைக்கல் பதித்திருந்தார் லத்தான்சியோ. அதன்மேல் நின்று பார்த்தால்தான் சித்திரத்தின் கோடுகள் எல்லாம் ஒன்றுகூடும். கூரை உடைந்து வானம் திறந்தது போல இருக்கும். ஒரு அடி நகர்ந்தாலும் மேலே வரைந்த தூண்கள் குடிகாரன் மாதிரி சாயும்.

விருந்தாளிகள் வரிசையாக வந்தார்கள். ஃபுல்வியா கறுப்புப் பட்டில், தாய்வீட்டு முத்தோடு, நாற்காலிக்கும் வட்டக்கல்லுக்கும் பாதி வழியில் நின்றாள். முதல் வணக்கத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நாற்காலிக்கு நடப்பது திட்டம். நடையைக்கூட ஒத்திகை பார்த்திருந்தாள். கூரையை அவள் இன்னும் பார்க்கவில்லை. ஊர் பார்ப்பதைத்தான் அவள் பார்க்க விரும்பினாள்.

முதலில் ஸ்பெயின் தூதரின் மனைவி, கனமான உடம்பு, இரண்டு பேர் கைத்தாங்கலாக வட்டக்கல்லில் ஏறி நின்றாள். தலையைச் சாய்த்தாள். வாய் பிளந்தது.

"ஆகா! ஜூபிடர் அச்சு அசல் நம்ம டோன் அஸ்கானியோ. பக்கத்துல... மயில்... அடடா, ஜூனோ! எவ்வளவு பெருசா, எவ்வளவு லட்சணமா! கன்னத்துக் குழியைக்கூட விடலையே!"

தலையைத் தாழ்த்தினாள். கண்ணால் கூடத்தைத் துழாவினாள். ஃபுல்வியா தயாராக அரை அங்குலம் குனிந்தாள். தூதரின் மனைவி அவளைக் கடந்து, எர்சீலியாவுக்கு முன்னால் போய், பாவாடையை இரு கையாலும் விரித்து, ஆழமாக வணங்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாரும். வட்டக்கல், அண்ணாந்த தலை, ஆகா, எர்சீலியா. வட்டக்கல், அண்ணாந்த தலை, ஆகா, எர்சீலியா.

எர்சீலியா திணறிப்போனாள். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஃபுல்வியாவிடம் வந்தாள்.

"அக்கா, என்ன இது? எல்லாரும் என்னைப்போய்க் கும்பிடறாங்க!"

"கும்பிட்டா வாங்கிக்கோ தங்கச்சி. உனக்குத்தான் எல்லாம் தானா வருமே."

"என்னை அங்க உக்கார வைக்கச் சொன்னதே நீங்கதான்னு ஓவியர் சொன்னாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? அக்காவுக்கு நம்மமேல இவ்வளவு பிரியமான்னு..." அவள் முடிக்கவில்லை. வட்டக்கல்லில் ஏறி அண்ணாந்து, கையைக் கண்ணுக்குக் குடையாக வைத்துத் தேடினாள். "நீங்க எங்க அக்கா? நீங்களும் இருக்கீங்கன்னாரே?"

"உச்சியில."

"உச்சியில சூரியன் இருக்கு. அது பக்கத்துல ரெண்டு... இருங்க... ரெண்டு பாதம். உள்ளங்கால். அதுக்கு மேல ஒரு முகவாய், ரெண்டு மூக்குத் துவாரம்." அவள் குரல் தாழ்ந்தது. "அதுவா?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். எல்லாரும் மரியாதையாக அந்தப் பாதங்களைத் தேடினார்கள்.

ஃபுல்வியா அண்ணாந்து பார்த்தாள். வானம் அவளுக்கு மேல் திறந்துகிடந்தது. மயில்கள் நடுவே, பசுமாடு அளவுக்கு, எர்சீலியா ஜூபிடரின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தாள். வெகு உயரத்தில், ஒரு மேகம், இரண்டு மேகம், மூன்று மேகம் தாண்டி, அவள் விசிறிக்காம்பால் தொட்ட இடத்திலேயே, நெருப்புக்குச்சிப் பெட்டி அளவில், அவளே. லத்தான்சியோ ஏமாற்றவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்.

7

முடிவுகள்.

அ) லொரெதானாவின் கீறல். நிராகரிக்கிறேன்.

ஆ) ஃபுல்வியா கூரையைக் கொத்தச் சொன்னாள். கொத்தினால் ஜூபிடருக்கும் ஒரு கை போகும், அஸ்கானியோ விடமாட்டார். நிராகரிக்கிறேன்.

இ) ஓரகத்திகள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்படி மூன்று நாள் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிவையும் லொரெதானாவுடையதைவிட உயரத்தில் வைக்கப் பார்த்தேன். உயர்த்த உயர்த்த ஃபுல்வியா சின்னதாகிக்கொண்டே போனாள். கடைசியில் அவள் முகமே எனக்கு மறந்துவிட்டது, "விதி", "அதிகாரத்தின் இயல்பு" என்று ஏதேதோ எழுதியிருந்தேன். காகிதத்தைக் கசக்கிப்போட்டுவிட்டு, போன ஞாயிறு நானே மாளிகைக்குப் போனேன்.

கூட்டம் நிறைய. லொரெதானா என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நல்ல வேளை வந்தே. ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன், இதைப் பார்த்துக்க. எவனாவது தூணைத் தொட்டா அதட்டு."

அவள் போய்விட்டாள். மாமியாரின் அந்த நாற்காலி இன்னும் கணப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. இத்தனை வருஷம் இந்தச் சந்தில் குடியிருந்தும் நான் அதில் உட்கார்ந்தது கிடையாது. அன்றைக்குக் காவல்காரியே நான்தான். கயிற்றைத் தாண்டினேன். உட்கார்ந்தேன்.

ஒருத்தர் பார்க்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள், ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கூரையில்.

அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது இது: கூடம் முழுக்கத் தொண்டைகள். பின்னுக்குச் சாய்ந்த தலைகள். முகவாய்கள், மூக்குத் துவாரங்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர், ஆண், பெண், ஒவ்வொருவரும் முகவாயும் மூக்குத் துவாரமுமாக. கூரை உச்சியில் ஃபுல்வியா எப்படித் தெரிகிறாளோ அப்படியே.

லொரெதானா திரும்பி வந்தபோது நான் அவளுடைய மடக்கு நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இது அவளுக்குத் தெரியாது. கூடத்திலேயே வாழ்கிறாள், கயிற்றைத் தாண்டியதில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

8

ஆகவே நடந்தது இது.

எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள். ஃபுல்வியா தலையை இறக்கினாள். கழுத்து வலித்தது. எதிரே பார்த்தாள்: ஸ்பெயின் தூதரின் மனைவியின் தொண்டை, பாதிரியார்களின் தொண்டை, புருஷனின் தொண்டை. அஸ்கானியோ தன் மூக்கை வானத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வாயைப் பிளந்து நின்றார். தூணோரமாகப் பாஸ்குவாகூட அண்ணாந்துதான் நின்றாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பத்து வருஷமாக இதை நினைத்துத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அது நடந்தே விட்டபோது, அதில் ஒரு வழி தெரிந்தது.

நடந்தாள். ஒத்திகை பார்த்த நடை இல்லை, சாதாரணமாக, அடுக்களைக்குப் போகிறவள் மாதிரி. கணப்பைத் தாண்டினாள். திரும்பினாள். மாமியாரின் நாற்காலியில், முதுகை நிமிர்த்தி, உட்கார்ந்தாள். வானத்தில் யார் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். நாற்காலி ஒன்றுதான், அது தரையில் இருக்கிறது.

அங்கிருந்து ரோமாபுரியை ஒரு பார்வை பார்த்தாள். முகவாய்களும் மூக்குத் துவாரங்களும். முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அந்தத் தொண்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் நேராக இருந்தது. எர்சீலியா. அவள் கூரையைப் பார்க்கவில்லை. ஃபுல்வியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதிலிருந்தோ தெரியாது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தாள். நாற்காலியின் அடியில் மாமியார் கால் வைக்கும் சின்ன மணை ஒன்று இருந்தது. எர்சீலியா அதைப் பார்த்தாள், பிறகு ஃபுல்வியாவைப் பார்த்தாள். கன்னத்துக் குழி இன்னும் விழவில்லை.

"அக்கா," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல். "நான் இங்க, உங்க காலடியில உக்காந்துக்கட்டுமா?"

காலடியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று ஃபுல்வியாவுக்கு இப்போது தெரியும். எழுந்து இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். நிற்கவைத்தால் பத்து வருஷம் இப்படியே போகும். கேட்கிறவளின் முகத்தில் பிரியம் இருக்கிறதா, கணக்கு இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. அதுதான் என்றைக்குமே தெரிந்ததில்லை. இனி அதிக நேரமில்லை, யாராவது ஒருவருக்குக் கழுத்து வலித்துத் தலையை இறக்கிவிடுவார். ஃபுல்வியா வாயைத் திறந்தாள்.

9

மேலே லொரெதானாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. படியில் இறங்கி வருகிறாள். கதவைத் தட்டாமல் வெளியில் நின்றே குரல் கொடுக்கிறாள்.

"முடிச்சிட்டியா? கடைசியில யாருடி உக்கார்றா? சொல்லு, ஞாயித்துக்கிழமைக்கு உதவும்."

அதற்குத்தான் எழுதவில்லை.

ஃபுல்வியா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதினால் அடுத்த ஞாயிறே அது எதிர்வீட்டுக் கூடத்தில் கைதட்டல் வாங்கும், நான் ஆர்ட்டிசோக் நறுக்கிக்கொண்டு கேட்க வேண்டும். ஆகவே அந்த ஒரு வரியை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நாற்காலியில் உட்காருங்கள், மணையைப் பாருங்கள், எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பாருங்கள், சொல்லுங்கள். எது வந்தாலும் அதுதான் கதை.

லொரெதானாவிடம் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அவள் உங்களைவிட நன்றாகச் சொல்லிவிடுவாள்.